பஜார் லெவனுக்கு ஒரு கோல்கீப்பர்

மட்டாஞ்சேரி,
7.9.2025

அன்புள்ள மச்சான் பிச்சைமணிக்கு,

இங்கே நானும் உன் அக்கா பாப்பாவும் உன் மகள் ரோஜாவும் சுகமாக இருக்கிறோம். உன் சுகம், அமுதவள்ளி சுகம், உன் வலது முழங்காலின் சுகம் மூன்றையும் மறக்காமல் எழுது. ஓணத்துக்கு ரோஜா பூக்களம் போட்டாள். நான் இரண்டு முறை பாயசம் வாங்கிச் சாப்பிட்டேன். இது போதுமா என்று கேட்டேன், போதும் என்கிறாள் பாப்பா. பக்கத்தில்தான் நிற்கிறாள்.

அவள் போட்ட சட்டம் உனக்கு நினைவிருக்கும். பிறப்பு, இறப்பு, காய்ச்சல், இவற்றுக்கு மட்டும்தான் போன். கால்பந்து விஷயம் என்றால் கடிதம். அதிலும் வீட்டார் சுகம் விசாரித்த பிறகுதான் பந்து. நான் கார்ப்பரேஷன் குப்பை வண்டியைப் பஜார் ரோட்டின் நடுவில் நிறுத்திவிட்டு உன்னோடு போனில் கத்தியதில் பின்னால் பதினாலு வண்டி நின்றுபோனது. கிடங்குகளில் மிளகு அள்ளிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் வெளியே வந்து வேடிக்கை பார்த்தார்கள். நீயும் தென்காசி பஸ் ஸ்டாண்டில் ஒரு கல் புரோட்டாவைக் கருக்கினாயாம், அமுதவள்ளி சொன்னாள். ஆகவே சட்டம் நியாயமானதுதான்.

சரி. தொழிலாளர் கோப்பை செவன்ஸுக்கு நம் பஜார் லெவன் டீமைக் கமிட்டி எடுத்துவிட்டது. (ஏழு பேர் ஆடுகிற டீமுக்கு லெவன் என்று பெயர் வைத்த பெருமை உன்னையே சேரும்.) அமுதவள்ளிக்கு அங்கன்வாடி வேலை கிடைத்து நீ ஜூனில் கிளம்பியதிலிருந்து கமிட்டியில் ஒரு சத்தமும் இல்லை. ஒருவர் பேசும்போது மற்றவர்கள் கேட்கிறார்கள். எனக்குச் சகிக்கவில்லை.

பின்னால் ஸ்டாப்பர் ஷாஜி. முன்னால் வாஞ்சிநாதன். கோல்கீப்பர், அதாவது கோலி, நம் ரமேஷ்பாபுதான்.

கடிதத்தைக் கிழிக்காதே. மழை பெய்த அன்று ஈரப் பந்தில் அவனுக்குப் பயிற்சி வைத்துப் பார்த்தேன். இருபதுக்குப் பதினாறு பிடித்தான். போதாததற்கு அந்தப் பையனுக்குக் குடி, சிகரெட் எதுவும் கிடையாது.

உன் பதிலை எதிர்பார்க்கும்,
வீரபாண்டி


தென்காசி,
16.9.2025

மரியாதைக்குரிய அத்தான் அவர்களுக்கு,

நானும் அமுதவள்ளியும் சுகம். முழங்கால் சுகமில்லை. அக்கா, ரோஜா, உங்கள் சர்க்கரை எல்லாம் எப்படி இருக்கிறது என்று எழுதவும். விசாரித்தாயிற்று.

ரமேஷ்பாபுவா? அத்தான், உங்களுக்குக் கண் மங்கிவிட்டதா, இல்லை கமிட்டியில் வேறு ஆளே கிடைக்கவில்லையா?

பிப்ரவரியில் நடந்த செமி ஃபைனலை நான் செத்தாலும் மறக்க மாட்டேன். பரேட் மைதானத்துக் கேலரியில் மூன்றாவது வரிசையில் நான், என் பக்கத்தில் ரோஜா. இரண்டாம் பாதி. எதிர் டீம்காரன் அடித்ததை ஷாட் என்று சொன்னால் ஷாட்டுக்கு அவமானம். பந்து உருண்டு வந்தது. என் முழங்காலை வைத்துக்கொண்டு நானே ஓடிப்போய் எடுத்திருப்பேன். அது அந்த மகராசனின் இரண்டு காலுக்கும் நடுவில் புகுந்து, அவனுக்கு ஒரு வணக்கமும் சொல்லாமல் வலைக்குள் போனது.

அவனுடைய குறை என்ன என்பது எனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது. பயம். ஆட்டம் முழுக்க என் பக்கமே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் கேலரியிலிருந்து கத்துவதற்கே நடுங்குகிறவன் பந்துக்கு எப்படி நிற்பான்?

தோப்பும்படி யூசுபை எடுங்கள். ஆறடி உயரம். கையால் எறிந்தால் பந்து பாதி மைதானம் தாண்டும். வாஞ்சிநாதனுக்குத் தொப்பை போட்டுவிட்டது என்று கேள்வி. இருந்தாலும் அவன் இடது கால் இன்னும் ஒல்லியாகத்தான் இருக்கும். கடைசி இருபது நிமிஷம் இறக்குங்கள், போதும்.

ரமேஷ்பாபு குடிக்கிறானா இல்லையா என்பதைப் பற்றி எனக்கு என்ன வந்தது? பந்தைப் பிடிக்கிறானா என்று பாருங்கள்.

என்றும் உங்கள் அன்பை மறவாத,
பிச்சைமணி


மட்டாஞ்சேரி,
28.9.2025

அன்புள்ள மச்சானுக்கு,

எல்லாரும் சுகம். சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது. உன் கடிதம் வந்த நாளில் பார்த்ததால் அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டேன். உன் முழங்காலுக்குப் பாப்பா தைலம் அனுப்பியிருக்கிறாள்.

யூசுப் நல்ல கோலிதான், நான் மறுக்கவில்லை. உயரப் பந்து அவனுக்கு அல்வா. ஆனால் காலடியில் வருகிற பந்துக்குக் குனிய யோசிக்கிறான். அவன் குனிவதற்குள் பந்து வலைக்குள் போய் இளைப்பாறுகிறது. ரமேஷ்பாபு பூனை மாதிரி பாய்கிறான். ஷாஜி தப்புச் செய்தாலும் அவனைத் திட்டுவதில்லை.

நம் ரோஜா காக்கநாட்டில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக ஒரு பட்டியல் தயார் செய்திருக்கிறாள். மூன்று வருஷ ஆட்டத்தையும் கணக்கெடுத்தால் ரமேஷ்பாபு நூற்றுக்கு எண்பத்தொரு ஷாட்டைத் தடுத்திருக்கிறானாம். யூசுபுக்கு எவ்வளவு என்று கேட்டேன். அதை இன்னும் போடவில்லை என்றாள்.

இன்னொன்று. ஒரு கோலிக்கு மனநிம்மதி முக்கியம். ரமேஷ்பாபுவுக்கு வல்லார்பாடம் கண்டெய்னர் டெர்மினலில் நிரந்தர வேலை. பனயப்பள்ளியில் சொந்த வீடு. சின்னதுதான், ஆனால் உள்ளேயே பாத்ரூம், தண்ணீர் நிற்பதே இல்லை. அம்மா சுமா மலையாளி, தங்கமான மனுஷி, மருமகளை மகளாகப் பார்த்துக்கொள்கிற ரகம். இறந்துபோன அப்பா முனியாண்டி நம் பக்கத்து ஆள்தான், பஜாரில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார், உனக்கே தெரியும். இதையெல்லாம் கவனித்துத்தான் டீமில் எடுக்க வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து.

வீரபாண்டி

தம்பி, நான் பாப்பா. உன் அத்தான் எழுதியிருப்பதில் பாதிதான் பந்து. நிதானமாக, இரண்டு தடவை படி. தைலத்தைச் சூடு பண்ணித் தேய்.


தென்காசி,
9.10.2025

மரியாதைக்குரிய அத்தான் அவர்களுக்கு,

இங்கே மழை, வீட்டில் எல்லாரும் நலம். தைலம் வந்தது, அக்காவுக்கு நன்றி சொல்லவும். நீங்கள் இனிப்பைக் குறைக்கவும்.

ரோஜாவின் பட்டியலைப் பார்க்காமலே சொல்கிறேன், அது செல்லாது. செமி ஃபைனலில் விட்ட ஒரு கோலை ஒன்று என்று எண்ணியிருப்பாள். அதை நாற்பது என்று எண்ண வேண்டும். என் மகளை என் பக்கத்தில் உட்கார வைத்து, ஆறு வயதிலிருந்து ஆட்டம் பார்க்கக் கற்றுக்கொடுத்தேன். அவளே அந்தப் பக்கம் சேர்ந்துவிட்டாள் என்றால் நான் யாரிடம் போய்ச் சொல்வது?

பாத்ரூமில் தண்ணீர் வருவதற்கும் கார்னர் கிக்கைப் பிடிப்பதற்கும் என்ன தொடர்பு என்று நான் மூன்று நாள் யோசித்தேன். கடையில் வாடிக்கையாளர் ஒருவரிடமும் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.

போகட்டும். ஒரு நல்ல செய்தி. கடையநல்லூரிலிருந்து ரோஜாவுக்கு ஒரு வரன் வந்திருக்கிறது. பையன் சொந்தமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். அமைதியானவன். பந்து பார்ப்பாயா என்று கேட்டேன், நேரமில்லை மாமா என்றான். அது ஒன்றுதான் உறுத்துகிறது. தீபாவளிக்கு ரோஜாவை அனுப்பி வையுங்கள். அவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போகட்டும். பிடித்திருந்தால் தையில் முடித்துவிடலாம்.

போனில் சொன்னால் ம், ம் என்கிறாள், வேறு பேச்சுக்குத் தாவிவிடுகிறாள். நீங்கள் எடுத்துச் சொன்னால் கேட்பாள்.

என்றும் அன்புள்ள,
பிச்சைமணி


மட்டாஞ்சேரி,
2.11.2025

அன்புள்ள மச்சானுக்கு,

சுகம். நீங்களும் சுகமாக இருப்பீர்கள். அமுதவள்ளி அனுப்பிய முறுக்கு உடையாமல் வந்து சேர்ந்தது, உடனே தீர்ந்தது.

தீபாவளிக்கு ரோஜா வர முடியாமல் போனதில் உனக்கு வருத்தம் இருக்கும். ஆபீஸில் வேலை அதிகம். அந்த ஜெராக்ஸ் கடைப் பையன் நல்லவனாகத்தான் இருப்பான். நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

நேற்று முதல் ஆட்டம். மூன்றுக்கு ஒன்று, ஜெயித்தோம்! வாஞ்சிநாதன் இரண்டு கோல். தொப்பையைச் சுமந்துகொண்டு அவன் இடது பக்கம் திரும்பியதை நீ பார்த்திருக்க வேண்டும். அவனைத் தடுக்க வந்தவன் தொப்பைக்கு ஒதுங்கி வழிவிட்டான். ரமேஷ்பாபு ஒரு பெனால்டியைப் பிடித்தான். கேலரி இடிந்து விழாத குறை. ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வந்தும் ரோஜா அதையே பேசிக்கொண்டிருந்தாள். அதாவது, எல்லாருமே பேசிக்கொண்டிருந்தோம்.

மச்சான், ஒரு கேள்வி. பொதுவாகக் கேட்கிறேன். ஒரு கோலி ஒரே ஒரு தடவை ஒரு பந்தை விட்டான் என்பதற்காக வாழ்நாள் முழுக்க அவனை வெளியில் உட்கார வைக்கலாமா? கையைப் பார்த்து எடுப்பதா, குணத்தைப் பார்த்து எடுப்பதா? நன்றாக யோசித்துப் பதில் எழுது. ஜெராக்ஸ்காரர்களுக்கு அவசரமாக வாக்குக் கொடுத்துவிடாதே. இதுவும் பொதுவாகச் சொன்னதுதான்.

வீரபாண்டி


மட்டாஞ்சேரி,
30.11.2025

அன்புள்ள மச்சானுக்கு,

நாங்கள் சுகம். உனக்கு என்ன ஆயிற்று? நான் எழுதி நாலு வாரம் ஆகிறது, ஒரு வரி இல்லை. போனில் கேட்டால் அமுதவள்ளி, "அவுக நல்லாத்தான் இருக்காக, ஆனா பேச மாட்டேங்காக" என்கிறாள். நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா? கோபம் என்றால் கோபம் என்று எழுது. பாப்பாவின் சட்டத்தில் திட்டுவதற்குத் தடை கிடையாது.

போன ஞாயிற்றுக்கிழமை குவார்ட்டர் ஃபைனல். ஒன்றுக்குப் பூஜ்யம், ஜெயித்தோம். ரமேஷ்பாபு குறையே சொல்ல முடியாதபடி ஆடினான். இரண்டாம் பாதியில் ஒரே ஒரு பந்து தூரத்திலிருந்து வந்து போஸ்டில் பட்டுத் திரும்பியது. அதற்குக் கடல் காற்றுதான் காரணம். அன்றைக்குக் காற்று பலமாக இருந்தது.

உடனே பதில் போடு. நீ திட்டாமல் எனக்கு ஆட்டம் பார்த்த மாதிரியே இல்லை.

வீரபாண்டி


தென்காசி,
7.12.2025

அத்தான் அவர்களுக்கு,

சுகம்.

காற்றுதான் காரணம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் காற்று மஞ்சள் சுடிதார் போட்டுக்கொண்டு கேலரியில் மூன்றாவது வரிசையில் கடலை தின்றுகொண்டிருந்தது. நான் எட்டாவது வரிசையில் இருந்தேன்.

ஆமாம், வந்தேன். மதுரைக்குப் புரோட்டாக் கல் வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் பாலருவி எக்ஸ்பிரஸ் ஏறினேன். எறணாகுளத்திலிருந்து புது வாட்டர் மெட்ரோவில் மட்டாஞ்சேரி வந்து இறங்கி, யாருக்கும் தெரியக் கூடாது என்று குரங்குக் குல்லா மாட்டிக்கொண்டு பரேட் மைதானத்துக்கு நடந்தேன். இருபத்தாறு வருஷமாக நீங்கள் எனக்கு எத்தனையோ கோலிகளைப் புகழ்ந்திருக்கிறீர்கள். ஒருத்தன் வீட்டுப் பாத்ரூமைப் பற்றியாவது பேசியதுண்டா? ஒருத்தனுடைய அம்மா மருமகளை எப்படி வைத்துக்கொள்வாள் என்று சொன்னதுண்டா? அக்கா சொன்னபடி இரண்டாம் தடவை படித்ததும் இது பந்து விஷயம் இல்லை என்று சந்தேகம் வந்தது. நேரில் பார்க்காமல் எழுதக் கூடாது என்று இருந்துவிட்டேன்.

முதல் பாதி நன்றாக ஆடினான். அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். இரண்டாம் பாதியில் அந்த நெடுந்தூர ஷாட் வரும்போது அவன் பந்தைப் பார்க்கவில்லை. மேலே பார்த்தான். நானும் அவன் பார்த்த இடத்தைப் பார்த்தேன். என் மகள் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பந்து போஸ்டில் பட்டது, பிழைத்தோம். அப்போதுதான் எனக்குப் பிப்ரவரி மாதம் புரிந்தது. அன்றைக்கு அவன் திரும்பித் திரும்பிப் பார்த்தது என்னை இல்லை. என் பக்கத்து இருக்கையை. பத்து மாதமாக என் குரலுக்கு ஒருத்தன் நடுங்குகிறான் என்று ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டிருந்தேனே அத்தான்!

ஆட்டம் முடிந்து வாசலில் அவன் என்னைக் கண்டுபிடித்துவிட்டான்.

"பிச்சைமணி மாமா தானே? இந்தச் சூட்டுல குல்லா எதுக்கு? வாங்க, ஒரு சாயா குடிக்கலாம்."

குடித்தேன். "பிப்ரவரியில அந்தப் பந்தை ஏன்டா விட்டே?" என்று கேட்டேன்.

"என் தப்புதான் மாமா."

"தப்புன்னு எனக்கும் தெரியும். எங்க நோக்கிட்டு நின்னே?"

கிளாஸைக் கீழே வைத்தான். "ரோஜாவ" என்றான்.

நான் எழுந்து வந்துவிட்டேன். கல்லும் வாங்காமல் வெறும் கையோடு வீட்டுக்கு வந்து, அமுதவள்ளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அன்றிலிருந்து இங்கே யாரும் யாரோடும் பேசவில்லை.

ரோஜா உங்களிடம் சொல்லியிருக்கிறாள். அக்காவிடம் சொல்லியிருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை. எனக்கு அதுதான் வலிக்கிறது. மற்றதெல்லாம் பிறகு.

பிச்சைமணி


மட்டாஞ்சேரி,
14.12.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகமாக இல்லை. நீங்களும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? முழங்கால் வலியோடு அவ்வளவு தூரம் வந்துவிட்டு என்னைப் பார்க்காமல் போய்விட்டீர்களே.

மலையாளத்தில் என்றால் வேகமாக எழுதிவிடுவேன். நீங்களும் எழுத்துக் கூட்டிப் படித்துவிடுவீர்கள். ஆனால் அம்மாவும் படிக்க வேண்டும் என்பதால் அத்தையிடம் கேட்டுக் கேட்டுத் தமிழில் எழுதுகிறேன். பிழை இருந்தால் அத்தையின் பிழை.

அவரும் நானும் காலையில் ஒரே நேரத்துக்குத்தான் படகுத்துறையில் நிற்போம். அவர் வல்லார்பாடத்துக்கு, நான் காக்கநாட்டுக்கு. முதலில் ஆட்டத்தைப் பற்றித்தான் பேசினோம். ஓரத்திலிருந்து கிராஸ் வரும்போது கோல் லைனிலேயே நிற்கிறீர்கள், வெளியே வரணும் என்று நான்தான் சொன்னேன். நீங்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்ததுதான் அப்பா. அடுத்த ஆட்டத்தில் வெளியே வந்து பிடித்தார். அப்படித்தான் தொடங்கியது.

உங்களிடம் முதலில் சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தேன். அந்த செமி ஃபைனல் முடிந்து வீட்டுக்குப் போகிற வழியிலேயே சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அதற்குள் அந்தக் கோல் விழுந்துவிட்டது. நீங்கள் பரேட் மைதானத்திலிருந்து வீடு வரைக்கும் அவர் பெயரைச் சொல்லித் திட்டிக்கொண்டே வந்தீர்கள். மறுநாளும் திட்டினீர்கள். தென்காசிக்கு ரயில் ஏறும்போதும் ஜன்னல் வழியாகத் திட்டினீர்கள். நான் எந்த இடைவெளியில் சொல்வது?

நீங்கள் வேண்டாம் என்றால் நான் ஓடிப்போக மாட்டேன். ஆனால் வேறு யாருக்கு முன்னாலும் காப்பித் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கவும் மாட்டேன். உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஆயுசு முழுக்க மேட்ச் பார்த்துக்கொண்டிருப்பேன். அதுவும் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அது மட்டும் போதும் என்று பொய் சொல்ல எனக்கு வரவில்லை.

அம்மாவுக்கு முத்தம். உங்களுக்கும், கோபம் போயிருந்தால்.

உங்கள் ரோஜா


மட்டாஞ்சேரி,
4.1.2026

அன்புள்ள மச்சானுக்கு,

புது வருஷத்தில் உங்கள் இருவரின் உடம்பும் மனசும் நன்றாக இருக்க வேண்டும். இதைப் பாப்பா சொல்லி எழுதவில்லை, நானாகவே எழுதுகிறேன்.

ரோஜா கடிதத்துக்கு நீ இன்னும் பதில் போடவில்லை. கேட்கும் உரிமை எனக்கு இல்லை. உன் மகள் விஷயத்தை உன்னிடம் மறைத்தது தப்பு. கொஞ்சம் கொஞ்சமாக உன் மனசில் அவனை நல்லவனாக்கி வைத்துவிட்டு, பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். நான் கெட்டிக்காரத்தனம் பண்ணுகிறேன் என்று பாப்பா அப்போதே தலையில் அடித்துக்கொண்டாள். என்னை மன்னித்துவிடு.

உன் கடிதம் வந்த பிறகு என் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. நான் அவனைக் கோலி என்று எடுத்தேனா, இல்லை வீட்டுப் பையன் என்று எடுத்தேனா? டிசம்பர் 28ஆம் தேதி செமி ஃபைனலுக்கு அவனை உட்கார வைத்துவிட்டு யூசுபை இறக்கினேன். நாலுக்கு மூன்று, ஜெயித்தோம். வாஞ்சிநாதன் தனியாக நாலு கோல் அடித்திருக்காவிட்டால் நாம் இந்நேரம் மூட்டை கட்டியிருப்போம். யூசுப் மூன்றையும் காலடியில் விட்டான். ஏன் விட்டான் என்று அவனுக்கே தெரியவில்லை. ரமேஷ்பாபு ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. பெஞ்சிலிருந்து யூசுபுக்குக் கத்திக் கத்திச் சொல்லிக்கொடுத்துத் தொண்டை கட்டிவிட்டது அவனுக்கு.

25ஆம் தேதி ஃபைனல். கமிட்டியில் பாதிப்பேர் யூசுப் என்கிறார்கள், பாதிப்பேர் ரமேஷ்பாபு என்கிறார்கள். என் ஓட்டில் முடிவாகும். எனக்கு ஓட்டுப் போடும் யோக்கியதை இல்லை என்று சொல்லிவிட்டேன். உன் நாற்காலி காலியாக இருக்கிறது, பிச்சைமணி சொல்லட்டும் என்றேன். எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்.

மச்சான், இரண்டு செலக்‌ஷனும் உன் கையில். ஒன்றுக்காக இன்னொன்றை மாற்றாதே. நீ எதைச் சொன்னாலும் நான் ஒரு கேள்வி கேட்க மாட்டேன்.

வீரபாண்டி


தென்காசி,
11.1.2026

ரமேஷ்பாபுவுக்கு,

உன்னைச் சுகமா என்று விசாரிக்கிற நிலைமையில் நான் இல்லை. ஆனாலும் பாப்பா அக்காவின் சட்டம் என்பதால் கேட்கிறேன். சுகமா? தொண்டை கட்டு சரியாகிவிட்டதா? உன் அம்மா சுகமா?

ஃபைனலுக்கு நீதான் கோலி. அத்தானுக்கும் கமிட்டிக்கும் தனியாக எழுதிவிட்டேன். இது சலுகை இல்லை, நன்றாகப் புரிந்துகொள். யூசுப் பந்தை ஏன் விடுகிறான் என்பது யாருக்கும் தெரியாது. நீ ஏன் விடுகிறாய் என்பது எனக்குத் தெரியும். தெரிந்த நோய்க்கு மருந்து உண்டு.

இனி அடுத்தது. அன்றைக்கு நான் பாதி சாயாவில் எழுந்து வந்துவிட்டேன். எங்கே பார்த்தாய் என்று கேட்டபோது நீ வெயில் கண்ணில் அடித்தது என்று சொல்லியிருக்கலாம். கொசு என்று சொல்லியிருக்கலாம். ஷாஜி மறைத்துவிட்டான் என்று சொல்லியிருந்தால் நான் நம்பியே இருப்பேன், ஷாஜி அப்படிப்பட்டவன்தான். எதிரில் உட்கார்ந்திருப்பது பெண்ணின் அப்பன் என்று தெரிந்தும் உள்ளதைச் சொன்னாய். ரயிலில் திரும்பும்போது புனலூர் வரைக்கும் கோபம் இருந்தது. அப்புறம் கோபத்தைத் தேடினேன், கிடைக்கவில்லை. ஒத்துக்கொள்ள வெட்கமாக இருந்ததால் இத்தனை நாள் பேசாமல் இருந்தேன். ரோஜாவின் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். இதை அவளிடம் சொல்லாதே.

கடையநல்லூர்க்காரர்கள் பெண் வேலையை விட்டுவிட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். அமுதவள்ளி அன்றைக்கே ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். உன் போட்டோவையும் ரோஜாவிடமிருந்து வரவழைத்துப் பார்த்தாள். "முகம் லட்சணமா இருக்கு. ரெண்டு காலுக்கும் நடுவுல இடைவெளி இருக்குங்கது உங்க கவலை, எனக்கில்ல" என்றாள். ஆகவே வீட்டில் எல்லா ஓட்டும் விழுந்துவிட்டது.

ஃபைனலுக்கு நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம். மறுநாள் உன் அம்மாவைப் பார்க்கப் பனயப்பள்ளிக்கு வருவோம், சொல்லிவை. பாத்ரூமையும் பார்க்கிறேன், அவ்வளவு கேள்விப்பட்டிருக்கிறேன்.

கேலரியில் மூன்றாவது வரிசையில் ரோஜா என் பக்கத்தில்தான் இருப்பாள். அவளை வீட்டில் விட்டுவிட்டு வா என்று அத்தான் யோசனை சொன்னார். முடியாது என்றுவிட்டேன். அவள் எங்கேயும் போக மாட்டாள், நான் பார்த்துக்கொள்கிறேன். சித்திரையில் மாலை மாற்றும்போது ஊர் முன்னால் நின்று ஆசை தீர அவளைப் பார்த்துக்கொள், ஒருத்தனும் கேட்க மாட்டான். அதுவரைக்கும் தயவுசெய்து பந்தைப் பார்.

இப்படிக்கு,
உன் மாமனார்,
பிச்சைமணி